ஈறில் ரத்தம்: குறைவது வைட்டமினா, சுத்தமா?

கேள்வி: எனக்கு வயது 44. சில மாதங்களாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறுகளில் ரத்தம் கசிகிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் என்று வந்தது. டி மாத்திரையுடன் சி மாத்திரையும் சாப்பிட்டாலே ஈறு சரியாகிவிடும் என்கிறார் நண்பர். பல் மருத்துவரிடம் போவது அவசியமா?

பதில்: அவசியம். ஈறில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் கிருமிப் படலம்தான். டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது, மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது தணிந்தது. அந்தப் படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்கே அசையாது. மாத்திரை அதை என்ன செய்துவிட முடியும்?

வைட்டமின் சி-யின் பங்கு வேறு. ஈறைப் பல்லோடு பிணைத்து நிறுத்தும் கொலாஜன் நார்கள் உறுதிபெற அது தேவை என்பதால், உணவில் அது ஏறக்குறைய இல்லாமலே சில மாதங்கள் கழிந்தால் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல்லே ஆடத் தொடங்கும். கடலோடிகளை வாட்டிய இந்த ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் பலன் தருவதை 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் கண்டார். ஒரு நாளைக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 75 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. புகைப்பவருக்கு இன்னும் 35 மில்லிகிராம் வேண்டும். பழமும் காய்கறியும் ஒழுங்காகச் சாப்பிடுபவர் அதற்கு மேல் விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி சிறுநீரோடுதான் போகும்.

உங்கள் டி அளவு குறைவுதான். 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதே பரவலான கணக்கு. எலும்புக்காகவேனும் மருத்துவர் சொல்லும் அளவில் அதைச் சரிசெய்யுங்கள். டி குறைந்தவர்களிடம் ஈறு நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும், புகைப்பழக்கமும் உடல்பருமனும் இரண்டோடும் தொடர்புடையவை என்பதால், ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத நீரிழிவு ஈறை வெகுவாகக் கெடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். துலக்காதபோதும் ரத்தம் வந்தாலோ, தோலில் காரணமின்றிக் கன்றிப்போன தடங்கள் தெரிந்தாலோ பொது மருத்துவரை உடனே பாருங்கள். காரை நீக்கிய பின்னும் சில நாட்கள் ரத்தம் கசியலாம். அதற்கு அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடக் கூடாது.