படம் கலங்கினால் லென்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

உப்புவெளியிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர், லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய, பாவித்த டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றை 18–55 மி.மீ., 55–250 மி.மீ. ஆகிய இரு லென்ஸ்களுடன் வாங்கியிருக்கிறார். நவராத்திரிக் கும்பவிழாவில் கும்பம் எடுத்து ஆடியவர்களை இரவில் எடுத்த படம், படகில் போய் எடுத்த திமிங்கிலப் படம், உட்துறைமுகக் கரையில் நின்று நண்பகலில் எடுத்த கப்பல் படம் ஆகிய மூன்றுமே ‘ப்ளர்’ ஆகிவிட்டனவாம். காட்டிய கடையில் லென்ஸ் பழுது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பணம் போடத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு ஒரு ரூபாயும் போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் கலங்கியிருப்பது உண்மை. ஆனால் மூன்றும் வெவ்வேறு காரணங்களால் கலங்கியிருக்கின்றன, அவற்றில் எதுவும் லென்ஸின் பழுதைக் காட்டவில்லை. கலங்கல் எப்படி வந்தது என்பதற்கான தடயம் அந்தந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டிய தேவை வராது.

படத்தைக் கணினியில் 100 வீதத்துக்குப் பெரிதாக்கி, அதில் சிறிய ஒளிப்புள்ளி ஒன்றைத் தேடுங்கள். மின்குமிழாகவோ, தண்ணீரில் தெறிக்கும் வெயிலாகவோ, கண்ணின் கருமணியில் விழுந்த வெளிச்சமாகவோ அது இருக்கலாம். அந்தப் புள்ளி வட்டத் தட்டாக விரிந்திருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. கோடாக இழுபட்டு, படத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் அப்படியே இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. அசையாத பொருட்கள் தெளிவாகவும் ஆட்கள் மட்டும் இழுபட்டும் இருந்தால் ஆட்கள் அசைந்திருக்கிறார்கள். புள்ளி கூர்மையாக இருந்து, அதைச் சுற்றிப் பால்போல் வெளிச்சம் பரவியிருந்தால் கண்ணாடியில் அழுக்கோ ஈரமோ படிந்திருக்கிறது.

உங்கள் கும்பவிழாப் படத்தில் பின்னால் தொங்கும் மின்குமிழ் ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாகச் சற்றே சரிந்த சிறு கோடாகத் தெரிகிறது. சாத்தப்பட்டிருந்த கடையின் பெயர்ப்பலகை எழுத்துகளும் அதே சரிவில் இரட்டித்திருக்கின்றன. இது கையசைவு. கும்பத்தைத் தலையில் வைத்து ஆடுபவரோ அதற்கும் மேலாக, முகமே அடையாளம் தெரியாதபடி கரைந்திருக்கிறார். அது அவருடைய சொந்த அசைவு. கோப்பில் பதிந்துள்ள விவரத்தின்படி ஷட்டர் (ஒளி விழத் திறந்திருந்த நேரம்) 1/20 விநாடி, லென்ஸின் துளை எஃப் 5.6 (எண் குறையக் குறையத் துளை பெரிது), ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 400. விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஒருவர் திரும்புகிறார் என்று வைத்துக்கொண்டால், 1/20 விநாடிக்குள் அவர் 5 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். அதே ஆட்டத்தை 1/250 விநாடியில் எடுத்தால் நகர்வு 4 மில்லிமீற்றர்தான்; அந்தத் தூரத்திலிருந்து கண்ணுக்கு அது தெரியாது.

கையசைவுக்கு நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, அத்தனையில் ஒரு பங்கு விநாடியைவிட ஷட்டர் மெதுவாக இருக்கக் கூடாது. உங்கள் கமராவில் படம் விழும் உணரியான சென்சர் சிறியது என்பதால் அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 55 மி.மீற்றரில் ஏறத்தாழ 1/80, 250 மி.மீற்றரில் 1/400. லென்ஸின் பக்கவாட்டில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரின் விசை இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் ஸ்டெபிலைசர் உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரே ஆடுகிறவரை அது நிறுத்தி வைக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் இரவில் 1/250 எப்படிக் கிடைக்கும்? ஐ.எஸ்.ஓ.வை 400 இலிருந்து 6400க்கு ஏற்றினால் உணர்திறன் 16 மடங்காகிறது, அதே வெளிச்சத்தில் 1/320 வரை போகலாம். படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும், வரட்டும். இரைச்சலைப் பின்னர் மென்பொருளால் பெருமளவு குறைக்க முடியும், இழுபட்டுக் கரைந்த முகத்தை மீட்பது பெரும்பாலும் நடவாத காரியம். புதிதாக ஏதேனும் வாங்கியே தீருவேன் என்றால், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை, அதையும் பாவித்ததாகவே, தேடுங்கள். எஃப் 5.6ஐ விட அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்கு ஒரு விலையும் உண்டு: இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்பவரை எஃப் 1.8இல் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்ரிமீற்றர் மட்டுமே, கண்ணுக்கு வைத்தால் காது மங்கத் தொடங்கும். எஃப் 8இல் அதே ஆழம் அரை மீற்றரளவுக்கு விரியும்.

கலங்கல் எல்லாமே குற்றமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கமராவை முக்காலியில் நிறுத்தி, வேண்டுமென்றே 1/15 விநாடியில் அதே ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். தெருவும் விளக்குகளும் அசையாமல் நிற்க, கும்பம் மட்டும் சுழன்று ஓடும். கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து 1879இல் இங்கேயே மறைந்த ஆங்கில ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், ஃபோகஸ் இறுக்கமாக இல்லாத முகப்படங்களுக்காக அவர் காலத்திலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். இன்று அந்தப் படங்களை அருங்காட்சியகங்கள் போற்றிப் பாதுகாக்கின்றன. அவர் விரும்பி எடுத்த மென்மை அது. உங்களுடையது நீங்கள் விரும்பாமல் வந்தது என்பதால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

திமிங்கிலப் படத்துக்கு வருவோம். கடலடி ஆழப்பள்ளத்தாக்கு துறைமுகத்தை ஒட்டியே வருவதால், திருகோணமலையில் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே நீலத் திமிங்கிலத்தைக் காண முடிகிறது. ஆனால் அதன் முதுகு நீருக்கு மேலே தெரிவது சில விநாடிகள்தான். உங்கள் படத்தில் முதுகு மங்கலாக இருக்க, அதற்கு இப்பால் உள்ள அலையின் நுரை குமிழி குமிழியாகத் தெளிவாக இருக்கிறது. கமரா தானாக ஃபோகஸ் புள்ளியைத் தெரிவுசெய்யும் முறையில் விட்டிருக்கிறீர்கள். அது கிட்ட இருந்த, வெள்ளையும் கறுப்புமாகப் பளிச்சிட்ட நுரையைப் பிடித்துக்கொண்டது. நடுப்புள்ளியை மட்டும் தெரிவுசெய்து, அசையும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். கெனனில் அது ஏ.ஐ. சேர்வோ, நிக்கோனில் ஏ.எஃப்.-சி. நீங்கள் நிற்கும் படகும் ஆடுவதால் ஷட்டர் 1/1000க்குக் குறையாதிருப்பது நல்லது.

அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. வெயில் தெறிக்கும் இடங்களைச் சுற்றி வெண்மை படர்ந்திருப்பது, லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புத்தூவல் காய்ந்திருப்பதன் அடையாளம். அதைச் சட்டைத் துணியால் உலர்வாகத் தேய்த்துவிடாதீர்கள், உப்புப் பளிங்குகள் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றுப் பந்தால் ஊதி, பின்னர் லென்ஸ் திரவத்தில் நனைத்த மென்துணியால் உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும். ஏ.சி. அறையில் இருந்த கமராவை வெளியே கொண்டுவந்தவுடன் எடுத்தாலும் இதே பால்வெண்மை வரும், ஏனெனில் குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரைக் காற்றின் ஈரம் உடனே படிந்துவிடுகிறது. புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே கமராவைப் பையோடு வெளியே எடுத்து வைத்து, மூடிய பைக்குள்ளேயே சூடேற விடுங்கள்.

கப்பல் படத்தில் கமராவிலும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை. கப்பலின் விளிம்பு நெளிநெளியாகத் தெரிவது, வெயிலில் சூடான காற்றும் நீர்மேல் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைப்பதால். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலில் இது மிக அதிகம். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் இதற்கு மருந்தில்லை. விடியற்காலையில் போங்கள், அல்லது கிட்டப் போங்கள்.

லென்ஸ் உண்மையிலேயே பழுதென்றால் அது எப்படித் தெரியும்? எல்லாப் படத்திலும், எந்த வெளிச்சத்திலும், ஒரே மாதிரியாகத் தெரியும். 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவு தவறாகத் தீட்டப்பட்டிருந்தது. அது எடுத்த ஒவ்வொரு விண்மீனும் ஒரே விதமாகக் கலங்கியிருந்ததால்தான் பிழையைத் துல்லியமாகக் கணித்து, 1993 டிசம்பரில் திருத்த முடிந்தது. உங்கள் படங்களில் அத்தகைய ஒருமை இல்லை.

இருந்தாலும் சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கமராவை முக்காலியில் நேராக வைத்து, எஃப் 5.6இல், இரண்டு விநாடி டைமரில், முதலில் கண்குழியினூடாகப் பார்த்து ஃபோகஸ் செய்தும், பின்னர் கமராவின் பின்திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தும் எடுங்கள். திரை வழியாக எடுத்தது தெளிவாகவும் கண்குழி வழியாக எடுத்தது மங்கலாகவும் இருந்தால், லென்ஸ் நல்லது. கமராவின் ஃபோகஸ் உணரிதான் சீரமைக்கப்பட வேண்டும். இரண்டுமே ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கலங்கினால் உள்ளே ஒரு வில்லை சாய்ந்திருக்கிறது, அப்போது கடைக்காரர் சொன்னது சரி. கண்குழியில் பார்க்கும்போது மட்டும் மங்கலாகத் தெரிந்து படம் தெளிவாக விழுந்தால், அதன் பக்கத்திலுள்ள சிறு சக்கரத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்பினால் போதும்.

பாவித்த லென்ஸ் என்பதால் பின்பக்கமிருந்து ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, சிலந்தி நூல்போல ஏதேனும் படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பூஞ்சணம். சிறிதளவு இருந்தால் படத்தின் கூர்மையைவிட ஒளிக்கும் நிழலுக்குமான வேறுபாட்டையே அது குறைக்கும். ஆனாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் வேகமாகப் பரவும் என்பதால், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

சோதனைப் படங்களை எனக்கு அனுப்புவதானால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பும்போது அது அளவைச் சுருக்கி, நுண்விவரங்களை அழித்துவிடுவதால், உங்கள் கமராவின் கலங்கல் எது, அனுப்பியதில் வந்த கலங்கல் எது என்று பிரித்தறிய முடியாது.