சிறைவாசிகளுக்காகவும் சிறார்களுக்காகவும் வாதாடிய பிரையன் ஸ்டீவன்சன்: கேள்வி பதில்

கேள்வி: ஹார்வர்டில் சட்டம் படித்த அமெரிக்க வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன், அலபாமா மாநிலத்துக்கு ஏன் போனார், ஐயா?

பதில்: மாணவராக இருந்தபோதே அட்லாண்டாவில் மரண தண்டனைக் கைதிகளுக்காக வாதாடும் ஓர் அமைப்பில் பயிற்சி பெற்றார். 1989இல் அலபாமாவில், ஏழைக் கைதிகளுக்காக வாதாடும் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மேல்முறையீடு முடிந்த பிறகு வழக்கை மறுபடியும் எழுப்ப விரும்பும் மரண தண்டனைக் கைதிக்கு, அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை அப்போது அங்கே இருக்கவில்லை.

கேள்வி: நிரபராதிக்கு எப்படி மரண தண்டனை கிடைக்கிறது?

பதில்: ஸ்டீவன்சன் பின்னாளில் வாதாடிய ஆந்தணி ரே ஹிண்டனின் கதையைச் சொல்கிறேன். அவர் கொலைக் குற்றச்சாட்டில் 1985இல் அலபாமாவில் கைதானார். கொலைத் தோட்டாக்கள் அவருடைய தாயாரின் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் கூறினர். நிபுணர் செலவுக்கு 1,000 டாலர்தான் கிடைக்கும் என்று நம்பிய அவருடைய வழக்கறிஞர், அந்தத் தொகைக்குக் கிடைத்த ஒருவரைச் சாட்சியாக நிறுத்தினார். ஒரு கண் பார்வையற்ற அந்தச் சிவில் பொறியாளர், நுண்ணோக்கியை இயக்கவே பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஏழைக்கு இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை. உண்மையில் அந்த உச்சவரம்பு விசாரணைக்கு ஓராண்டுக்கு முன்பே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஸ்டீவன்சன் கொண்டுவந்த நிபுணர்கள், தோட்டாக்களை அந்தத் துப்பாக்கியுடன் பொருத்த முடியாது என்று சாட்சியம் அளித்த பிறகும் ஆண்டுகள் பல ஓடின. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த வழக்கறிஞரின் பணி சட்டம் கோரும் தரத்தில் இல்லை என்று ஒருமனதாகக் கூறியது. ஏறத்தாழ 30 ஆண்டுகளை மரண தண்டனைக் கொட்டடியில் கழித்த ஹிண்டன், 2015 ஏப்ரலில் விடுதலையானார்.

கேள்வி: சிறார் வழக்கில் அவர் எதைச் சாதித்தார்?

பதில்: குற்றம் நடந்தபோது 14 வயதே ஆகியிருந்த இருவருக்காக அவர் வாதாடினார். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிக்கும் சட்டம் செல்லாது என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிபதி வழக்கை ஆராய்ந்து அதே தண்டனையை விதிக்கத் தடையில்லை. அந்த இருவரில் ஒருவரான, தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த ஈவன் மில்லருக்கே 2021இல் மறுபடியும் அதே தண்டனை கிடைத்தது. அதை வாசித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கேள்வி: நம் நாட்டில்?

பதில்: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 21, சிறாருக்கு மரண தண்டனையையும் விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையையும் தடை செய்கிறது.

கேள்வி: சட்ட மாணவி நான், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அம்மா. தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், கீழமை நீதிமன்ற வழக்குக் கட்டை முழுவதும் வரி விடாமல் வாசியுங்கள்; ஹிண்டனின் 1,000 டாலர் அப்படியொரு கட்டுக்குள்தான் கிடந்தது.