சொல்லாமல் வந்து நிற்கும் டெக்னீஷியனை உள்ளே விடலாமா?

கேள்வி: அலுவலக வரவேற்பில் வேலை பார்க்கிறேன். போன வாரம் சீருடையில் ஒருவர் வந்து, "உங்க லைன்ல கோளாறுன்னு புகார் வந்திருக்கு, சர்வர் ரூமைத் திறங்க" என்றார். ஐடி கார்டும் காட்டினார். மேலாளர் வெளியூரில் இருந்தார். உள்ளே விட்டுவிட்டேன். இனி இப்படி யாராவது வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கலர் பிரிண்டரும் லேமினேஷனும் கிடைத்தால் ஐடி கார்டை யாரும் அடித்துக்கொள்ளலாம். உண்மையான கார்டாகவே இருந்தாலும், அவர் போன மாதமே வேலையை விட்டிருக்கலாம். அதனால் ஆளை எடைபோட்டுக்கொண்டிருக்காமல் வேலையை விசாரியுங்கள். புகார் கொடுத்தது யார், என்றைக்கு, டிக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) என்ன? முதலில் கம்ப்யூட்டர், நெட்வொர்க்கைக் கவனிக்கும் உங்கள் ஐடி (IT) பிரிவில் கேளுங்கள். அங்கே யாருக்கும் தெரியாது என்றால் பாதி விடை கிடைத்த மாதிரி.

அடுத்து அவருடைய நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். எண்ணைப் பழைய பில்லிலிருந்தோ ஒப்பந்தத்திலிருந்தோ எடுங்கள். அவருடைய கார்டில் அச்சாகியிருக்கும் எண் வேண்டாம். "எங்க சூப்பர்வைசர் லைன்ல இருக்கார், பேசுங்க" என்று தன் போனை நீட்டினாலும் வாங்காதீர்கள். மறுமுனையில் கூட்டாளி இருக்கலாம். உங்களுக்கு வரும் அழைப்பில் திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும்.

கேட்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இன்னார் வந்திருக்கிறார், நீங்கள் அனுப்பியவர்தானே?" என்றால், வேலை மும்முரத்தில் இருப்பவர் "ஆமாம்" என்று சொல்லி வைத்துவிடுவார். "இன்று எங்கள் முகவரிக்கு யாரை அனுப்பியிருக்கிறீர்கள், என்ன வேலைக்கு?" என்று கேளுங்கள். பெயரும் டிக்கெட் எண்ணும் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். வேலையின் எல்லையும் முக்கியம். வரவேற்பில் இருக்கும் மோடத்தை மாற்ற வந்தவருக்கு சர்வர் ரூமில் என்ன வேலை?

அதுவரை அவர் வெளியே உட்காரட்டும். "இன்னும் மூணு இடம் போகணும் மேடம்", "இப்ப பாக்கலைன்னா லைன் கட் ஆயிடும்" என்பார். உண்மையான டெக்னீஷியனும் அலுத்துக்கொள்வார்தான், ஆனால் காத்திருப்பார். எரிவாயுக் கசிவு, தீ என்று சொன்னால் மட்டும் விவாதிக்க வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அவசர உதவி எண்ணை நீங்களே அழையுங்கள்.

உறுதியான பிறகும் தனியாக விடக்கூடாது. வந்த நேரம், போன நேரம், எந்த அறை என்று பதிவேட்டில் எழுதுங்கள். சர்வர்கள் அடுக்கியிருக்கும் ராக்கை வேலைக்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்துவிட்டால், புதிதாக ஏதாவது முளைத்திருந்தால் தெரிந்துவிடும். நெட்வொர்க் ஒயர் செருகும் காலியான போர்ட்டில் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று போதும், வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் நுழைய. கீபோர்டு ஒயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஒரு துண்டு இருந்தால், தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதில் பதிவாகலாம். பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள்; தேவைப்பட்டால் ஐடி ஆளே வந்து தட்டட்டும். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டால் வேறொருவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட நிற்பவரை நகர்த்த அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

போன வாரம் வந்தவரைப் பற்றி ஐடி பிரிவுக்கு இன்றே சொல்லுங்கள்: தேதி, நேரம், எங்கே நின்றார், எதைத் தொட்டார். சிசிடிவி பதிவுகள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும், அதனால் அந்த நாளுடையதை உடனே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தெரியாத கருவி கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். போட்டோ எடுத்து அவர்களை அழையுங்கள். அது எங்கே தகவல் அனுப்புகிறது என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

மேலாளர் திரும்பியதும் எழுத்தில் இரண்டு விஷயம் வாங்கிக்கொள்ளுங்கள்: அவர் இல்லாதபோது யாரைக் கேட்பது, சரிபார்க்கும்வரை யாரையும் நிறுத்திவைக்க வரவேற்புக்கு அதிகாரம் உண்டு என்பது. இரண்டாவது இல்லாமல் மற்றதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும்.