நாற்பது ட்ராக்கையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். வீட்டிலேயே 40 பின்னணி இசை ட்ராக் செய்து வைத்திருக்கிறேன். அதில் பத்துக்கு எங்கள் ஊர் வில்லுப்பாட்டுக் குழு அண்ணன் ஒருவர் உடுக்கையும் குடமும் வாசித்தார். வீடியோ, விளம்பரம் எடுப்பவர்களுக்கு இசையைக் கொடுக்கும் வெளிநாட்டு மியூசிக் லைப்ரரி ஒன்று மொத்தத்தையும் எக்ஸ்க்ளூசிவாக, அதாவது வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று, கேட்கிறது, முன்பணமும் உண்டு. இன்னொரு லைப்ரரி நான்-எக்ஸ்க்ளூசிவ், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், ஆனால் முன்பணம் இல்லை. எதில் கையெழுத்துப் போடலாம்?

பதில்: நாற்பதையும் மொத்தமாக எதிலும் போடாதீர்கள். முதலில் ட்ராக்குகளைப் பிரியுங்கள்.

கம்பெனி விளம்பரம், சமையல் வீடியோ என்று எங்கும் பொருந்துகிற கிதார், பியானோ ட்ராக்குகள் நான்-எக்ஸ்க்ளூசிவில் போகட்டும். அந்த வகை ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பதைவிட நாலு இடத்தில் கண்ணில் படுவது நல்லது. ஒரு தொந்தரவு உண்டு. சில லைப்ரரிகள் அதே இசைக்கு வேறு பெயர் வைத்துப் பதிவு செய்யும். ஒரே ஒலிப்பதிவு பல பெயரில் உலவினால், டிவியில் ஒலிக்கும்போது ராயல்டி யாருக்கு என்று குழப்பம் வரும். இதற்குப் பயந்தே சிலர் இந்த ட்ராக்குகளை வாங்குவதில்லை. ஆகவே பெயர் மாற்றாத லைப்ரரியாகப் பாருங்கள். பதிவு செய்த இசை எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் இவற்றைச் சேர்க்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியவருடைய வீடியோவுக்கே உரிமை கோரும் கிளெய்ம் விழும். அவர் மறுபடி உங்கள் பக்கம் வர மாட்டார்.

அந்தப் பத்து ட்ராக்கின் விஷயம் வேறு. குடத்தின் வாயில் அடி விழும்போது உள்ளிருந்து கும்மென்று எழும் ஓசையும், அதன் மேல் உடுக்கை இழைந்து வருவதும் கடையில் வாங்குகிற லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ரெடிமேட் இசைத் துண்டில், எளிதில் அமையாது. கோவில் கொடைத் திருவிழாவைப் படமாக்குகிறவருக்கு அதுதான் வேண்டும். இவற்றை எக்ஸ்க்ளூசிவாகக் கொடுப்பதில் தப்பில்லை, ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருந்தால். மூன்று ஆண்டு, அதற்குப் பிறகு உரிமை உங்களிடமே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். ‘நிரந்தரமாக’ என்பதை எடுக்க மாட்டோம் என்றால், முன்பணம் எவ்வளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பணம் தனிக் கட்டணமா, பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஓரளவு கை கொடுக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உரிமை போய்விடும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இவை உதவாது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதை அவசியம் படியுங்கள்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் இடம்பெறும் இசைக்கான ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் இன்னும் சேரவில்லையா? சேர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே உறுப்பினர் என்றால் அதை லைப்ரரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த அண்ணனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா? வாசித்தவருக்கும் நம் சட்டத்தில் உரிமை உண்டு. லைப்ரரி ஒப்பந்தத்திலோ ‘எல்லா உரிமையும் என்னிடமே இருக்கிறது’ என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு டீயும் பஸ் காசும் கொடுத்தது கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் உள்ளதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு தொகையோ, வருகிற பணத்தில் பங்கோ, எது என்று இருவரும் பேசி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் லைப்ரரிக்குப் பதில் அனுப்பலாம்.