தண்டுவட ஸ்கேனில் எண் குறைந்தால் நரம்பு அறுந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 52. கழுத்து வலிக்காக எம்ஆர்ஐ எடுத்தேன். தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார். கை கால் மரத்துப்போவதில்லை, நடையிலும் குறையில்லை. தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்தியதால் டிஃப்யூஷன் ஸ்கேனும் எடுத்தேன். ‘சி5 மட்டத்தில் (கழுத்தின் ஐந்தாவது எலும்புக்கு நேராக) எஃப்ஏ 0.54, சற்றுக் குறைவு’ என்கிறது ரிப்போர்ட். வண்ணப் படத்தில் நரம்பிழைகள் அந்த இடத்தில் அறுந்ததுபோல் தெரிகின்றன. கை கால் செயலிழந்துவிடுமா?

பதில்: இந்த எண்ணையும் படத்தையும் மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். உங்களைச் சோதித்த டாக்டரின் முடிவும் சாதாரண எம்ஆர்ஐயும்தான் இங்கே கனமான சான்று.

டிஃப்யூஷன் ஸ்கேன், திசுவுக்குள் நீர் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறது. தண்டுவடத்தில் பெரும்பாலான இழைகள் மேலிருந்து கீழாக ஓடுவதால், நீர் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே தடைபடும். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் எண்தான் எஃப்ஏ. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நகர்ந்தால் 0, ஒரே திசையில் மட்டும் என்றால் 1.

நோயே இல்லாமலும் இந்த எண் இறங்கும். கழுத்தில் தண்டுவடத்தின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் நீர், உள்ளே எஃப்ஏ குறைவான சாம்பல் நிறப் பகுதி. அளவெடுக்கும் வட்டம் கொஞ்சம் விலகி நீரையோ அந்தப் பகுதியையோ தொட்டால் போதும், எண் குறைந்துவிடும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தண்டுவடம் லேசாக அசைகிறது, பக்கத்து எலும்பும் காற்றும் படத்தை நெளிக்கின்றன. வயதுக்கும் இதில் பங்குண்டு.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 42 மையங்கள் சேர்ந்து, ஒரே வழிமுறையில் 260 ஆரோக்கியமானவர்களின் தண்டுவடத்தை அளந்தன. ஆரோக்கியமானவர்களின் அளவுகளைத் திரட்டவே இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது! அப்படியிருக்க, அதே கருவியில், அதே மட்டத்தில், உங்கள் வயதுக்காரர்களிடம் எடுத்த அளவு எதையும் காட்டாமல் ‘சற்றுக் குறைவு’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? எதோடு ஒப்பிட்டுக் குறைவு? ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரியைக் கட்டாயமாக்கவும் யாருமில்லை. வீட்டுக்குப் போய் தூக்கம் கெடுவது நோயாளிக்குத்தான்.

அந்த வண்ணப் படம் நரம்பை எடுத்த போட்டோ இல்லை. நீர் நகரும் திசையைப் பின்தொடர்ந்து கணினி வரையும் கோடுகள். வழக்கமாக மேல்-கீழ் திசைக்கு நீலம், இட-வலத்துக்குச் சிவப்பு, முன்-பின்னுக்குப் பச்சை. எண் ஒரு வரம்புக்குக் கீழே போனால் கோடு நின்றுவிடும். வரம்பை மாற்றினால் அதே ஆளுக்கு ‘அறுந்த’ இழை மறுபடி சேர்ந்துகொள்ளும். இந்தப் படத்தைக் காட்டித்தான் ‘முழு முதுகுத்தண்டு நரம்பு வரைபடம்’ என்று கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் விற்கிறார்கள். அப்புறம் ‘நரம்பை வளர்க்கும்’ மருந்து, ஊசி, ஆறு மாதத்தில் மறு ஸ்கேன் என்று நீளும். டாக்டர் கேட்காத டிஃப்யூஷன் ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒரே ஒரு நிலைமை வேறு. திடீரென, சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ, கை கால் பலம் போய், சிறுநீரும் அடைத்துக்கொண்டால், தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அப்போது முதல் சில மணி நேரத்தில் சாதாரண எம்ஆர்ஐ ஒன்றும் காட்டாமல் போகலாம், டிஃப்யூஷன் காட்டிக்கொடுக்கலாம். அங்கேயும் எஃப்ஏ எண்ணோ வண்ணக் கோடுகளோ முக்கியமில்லை. அந்த இடம் பளிச்சென்று தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அதுவும் ஒன்றும் காட்டாமல் போகலாம் என்பதால், ‘ஸ்கேன் நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பினாலும் பலம் திரும்பாதவரை கிளம்பாதீர்கள். இதற்கு அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், முன்பதிவு செய்து ஸ்கேன் மையத்துக்கு அல்ல.

உங்களுக்கு அது இல்லை. கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைத் தொடருங்கள். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ தள்ளிப்போடாமல் அவரிடமே போங்கள். அப்போது இந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் காட்டலாம், அதற்காக இன்னொன்று எடுக்க வேண்டாம்.