பாலிக்கு யாரு வர்றா, யாருக்கு காசு போகுது? கேளுங்க, சொல்றேன்

பாலி வர்ற நம்மாளுங்களுக்கு ஹோட்டல், வண்டி ஏற்பாடு பண்றதுதான் என் வேலை. தெரிஞ்சத சொல்றேன்.

கோவிட்டுக்கு அப்புறம் பாலி எழுந்துடுச்சா அண்ணா?

எழுந்துடுச்சுப்பா. 2019ல வெளிநாட்டுக்காரங்க கிட்டத்தட்ட 62.7 லட்சம், 2021ல வருஷம் பூரா நூறு பேர் கூட வரல, 2024ல 63 லட்சத்த தாண்டிடுச்சு. ஆனா கூட்டம் அதே அளவுதான்னாலும் ஆளுங்க வேற. 2017ல சீனாதான் முதல் இடம், 13 லட்சத்துக்கு மேல. 2024ல ஆஸ்திரேலியா 15 லட்சத்துக்கு மேல, ரெண்டாவது நம்ம இந்தியா 5 லட்சத்துக்கு மேல, அதுக்கும் கீழதான் சீனா.

சீனாக்காரங்க கம்மியானதுல பெரிய நஷ்டமா?

ஹோட்டலுக்கு அடிதான். ஆனா முன்னாடி வந்ததுல பாதி கூத்து வேற, ஆள அடிமாட்டு விலைக்கு டூர்னு கூட்டிட்டு வந்து குறிப்பிட்ட கடைகள்ல இறக்கிவிட்டு மெத்தை கித்தைன்னு தலைல கட்டி அந்த கமிஷன்ல டூர் செலவ எடுத்துருவாங்க, கடைசில உள்ளூர்க்காரனுக்கு ட்ராஃபிக் மட்டும்தான் மிச்சம். 2018 கடைசில கவர்மெண்ட்டே அந்த மாதிரி கடைகள மூட சொல்லுச்சு.

ரஷ்யாக்காரங்க மேல ஏன் கோவம்?

2022 போருக்கு அப்புறம் வந்தவங்க நிறைய பேர் சாங்குங்கற கடற்கரை ஏரியா பக்கம் மாசக்கணக்குல தங்கிட்டாங்க. தங்குனா பரவால்ல, டூரிஸ்ட் விசால இருந்துட்டே முடி வெட்றது, ஸ்கூட்டர் வாடகைக்கு விடுறதுன்னு ஆரம்பிச்சா லோக்கல் ஆளு சும்மா இருப்பானா? 2023ல கவர்னர் கோஸ்தர், ரஷ்யா உக்ரைன் ரெண்டுக்கும் விசா ஆன் அரைவல், அதாவது இறங்குனதும் குடுக்குற விசா, வேணாம்னு கேட்டாரு, ஜகார்த்தால இருக்குற மத்திய அரசு ஒத்துக்கல.

நம்மாளுங்கள அங்க எப்படி பாக்குறாங்க? உண்மைய சொல்லுங்க.

பேரம் பேசுவாங்க, சாப்பாட்டுல வெஜ் இருக்கான்னு நாலு தடவ கேப்பாங்க, ஆஸ்திரேலியாக்காரன் மாதிரி ரெண்டு வாரம் தங்க மாட்டாங்க. பீர் செலவும் கம்மி, அதனால பார்க்காரன் முறைப்பான். ஆனா டிரைவருக்கு நம்மாளுதான் சாமி, ஏன்னா தினமும் முழுநாள் வண்டி எடுக்குறது நாமதான், மத்தவன் ஸ்கூட்டர்ல போயிடுறான். அதோட ஆஸ்திரேலியாவோட பெர்த் ஊர்லேர்ந்து நாலு மணி நேரத்துக்குள்ள பறந்து வர்ற குடும்பமெல்லாம் அவங்க ஸ்கூல் லீவ பாத்து வருது, நாம ஏப்ரல் மே, தீபாவளின்னு வர்றோம், அதனால காலியா கிடக்குற ரூம் நிறையுது. ஹனிமூன் ஜோடிங்க, இப்ப கல்யாண பார்ட்டி வேற. 2024ல பெங்களூரு டைரக்ட் ஃப்ளைட் வந்ததுலேர்ந்து தமிழ்நாட்டு ஆளுங்களுக்கும் வசதி.

தலைக்கு ஏதோ வரி போடுறாங்களாமே?

ஆமா, 2024 பிப்ரவரிலேர்ந்து 1,50,000 ரூபியா, அது இந்தோனேசியா காசு, நம்ம ரூபாய் இல்ல. விசா 5,00,000 தனி. வரிய ஆன்லைன்ல முன்னாடியே கட்டிடுங்க.

எப்ப வந்தா நல்லது?

ஜூலை ஆகஸ்ட் வேணாம், விலை ஏறிடும். மே இல்லன்னா செப்டம்பர்ல வாங்க. மார்ச்ல வந்தா நியெப்பிங்கற பாலி இந்துக்களோட மௌன நாள் தேதிய பாத்துக்கோங்க, அன்னிக்கு 24 மணி நேரம் ஏர்போர்ட்டே மூடிடுவாங்க, ஹோட்டல விட்டு வெளிய கால் வைக்க முடியாது.