20 லட்சம் குறைவான வீடு உண்மையில் எவ்வளவு குறைவு?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போனால் போதும். மனைவி தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறார். அவருக்கு வாரம் ஆறு நாளும் வேலை. எனக்கு 95,000, அவருக்கு 38,000 என்று மாதம் 1,33,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு. குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். சேமிப்பு 22 லட்சம். இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்க மூன்று இடம் பார்த்தோம். கூடுவாஞ்சேரியில் 50 லட்சம், கேளம்பாக்கத்தில் 56 லட்சம், மேடவாக்கத்தில் 70 லட்சம். எல்லாமே மறுவிற்பனை. 20 லட்சம் மிச்சமாகிறதே என்று எனக்குக் கூடுவாஞ்சேரி பிடித்திருக்கிறது. மனைவிக்கு மேடவாக்கம். டிராஃபிக்கை நினைத்தால் இரண்டு பேருக்குமே பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. 8.5% வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் இ.எம்.ஐ. அதையே திருப்பிப் போட்டால், மாதம் 1,000 ரூபாய் என்பது 1.15 லட்சம் கடனுக்குச் சமம். ஆகவே ஓர் ஊரில் போக்குவரத்துக்கு மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகப் போகிறதென்றால், அந்த வீட்டின் விலையில் 1.15 லட்சத்தைக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். சொந்தப் பணம் போட்டு வாங்கினாலும் இது பொருந்தும், அதுவும் வட்டி ஈட்டக்கூடிய பணம்தான்.

இப்போது உங்கள் வீடுகளைப் பார்ப்போம். கூடுவாஞ்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் எந்த வழியில் போனாலும் 30 கி.மீ.க்கு மேல். ஒரு பக்கம் 33 என்று வைத்தால், மாதம் 13 நாளுக்கு 858 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நெரிசலில் கார் கொடுப்பது 15 கி.மீ., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் கி.மீ.க்கு 9 ரூபாய். ஆக உங்களுக்கு 7,700. மனைவிக்கு ரயில் சீசன் டிக்கெட் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவோடு 1,500 என்று வைப்போம். மொத்தம் சுமார் 9,200.

மேடவாக்கத்தில் உங்களுக்கு 8 கி.மீ. தான், 1,900 ரூபாயில் முடியும். மனைவி ஸ்கூட்டரில் பரங்கிமலை ஸ்டேஷன் போய் ரயில் பிடித்தால் 2,300. மொத்தம் 4,200. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் மாதம் 5,000 ரூபாய், அதாவது வீட்டு விலையில் 5.75 லட்சம். நீங்கள் மிச்சம் என்று நினைத்த 20 லட்சம் இங்கேயே 14 லட்சமாக இறங்கிவிட்டது.

இன்னும் நேரத்தைச் சேர்க்கவில்லை. பயண நேரத்துக்கு விலை போடும்போது மணிநேரச் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொள்வது பொருளியலில் ஒரு வழக்கம். உங்களுக்கு அது மணிக்கு 270 ரூபாய் வருகிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து காலை நேரத்தில் ஒரு மணி 20 நிமிடம், மேடவாக்கத்திலிருந்து 35 நிமிடம் என்று வைத்தால் மாதம் 19.5 மணிநேரம் வித்தியாசம். சுமார் 5,300 ரூபாய். மனைவிக்கு இரண்டு ஊரிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகிறது; ஒரு 400 ரூபாய் போடலாம். பணமும் நேரமும் சேர்ந்து 10,700. அந்த 20 லட்சத்துக்கு இ.எம்.ஐ. 17,360. ஆக, இன்றைய நிலையில் கூடுவாஞ்சேரிதான் மலிவு. உங்கள் கணிப்பு தப்பில்லை.

ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். வாரம் மூன்று நாள் என்ற ஒற்றை ஏற்பாட்டின் மேல். நாளைக்கே ஐந்து நாளும் வாருங்கள் என்று நிறுவனம் சொன்னால், பணத்தில் 9,100, நேரத்தில் 9,300 என்று 18,400 ஆகிவிடும். அப்போது மேடவாக்கம் மலிவு. 20 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடும் முடிவை, மனிதவளத் துறையின் ஒரு மின்னஞ்சல் புரட்டிப் போட முடியும் என்றால் அந்த முடிவு பலவீனமானது. கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று நம்பித் தூரமாக வாங்கியவர்கள் பலர் இப்போது தினமும் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) நெரிசலில் நிற்கிறார்கள்.

கேளம்பாக்கத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அதை நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். உங்களுக்கு வசதிதான், 12 கி.மீ. உங்கள் மனைவிக்கு ரயில் கிடையாது. தி.நகருக்குப் பேருந்தில் ஒரு பக்கம் ஒன்றே முக்கால் மணிநேரம், சில நாள் இரண்டு. மாதம் 25 நாளுக்கு 87 மணிநேரம் சாலையில் போகும். மாநகரப் பேருந்து பாஸ் 1,000 ரூபாய்தான், சாதாரணக் கட்டணப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு அதுவும் இல்லை. தாளில் மிக மலிவாகத் தெரியும். மேலே சொன்ன பாதிச் சம்பளக் கணக்கில் அவருடைய ஒரு மணிநேரம் 95 ரூபாய்தான் வரும்; அப்படிப் போட்டாலும் கேளம்பாக்கம் லாபம் என்றே காட்டும்.

அந்தக் கணக்கை நான் இங்கே ஏற்கவில்லை. சம்பளம் குறைவு என்பதற்காக மனைவியின் மணிநேரத்தை மலிவாக வைக்கும் கணக்கு வீட்டுக்குள் செல்லாது. மாலை ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைபவர் அதற்குப் பிறகுதான் சமையலையும் மகளின் வீட்டுப் பாடத்தையும் பார்க்கப் போகிறார். இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது உங்கள் இருவருக்குள் இருக்கும் விஷயம். ஆனால் இருபது ஆண்டாக இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு. இரண்டு சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குவார்கள். வீடு தூரம். முதல் வருடம் சமாளிப்பார்கள். பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல் வரும், பள்ளியிலிருந்து போன் வரும், ஒன்றரை மணிநேரத்துக்கு யாராலும் போய்ச் சேர முடியாது. இரண்டாம் வருட முடிவில் அந்தப் பெண் வேலையை விட்டுவிடுவார். இ.எம்.ஐ. மட்டும் இரண்டு சம்பளத்துக்கானதாகவே நிற்கும். உங்கள் வீட்டில் அது நடந்தால் மாதம் 38,000 ரூபாய் போகும். மேலே போட்ட 1.15 லட்சக் கணக்கில் அது 44 லட்சம் ரூபாய் வீடு. தூரத்தின் உண்மையான விலை பெட்ரோலில் இல்லை, இங்கே இருக்கிறது. ஆகவே மூன்று ஊரில் எதை எடுத்தாலும் முதலில் அவருடைய பாதையைப் பாருங்கள், அப்புறம் உங்களுடையதை.

அவருடைய பாதை என்றால் அது ரயில்தான். கூடுவாஞ்சேரியிலிருந்து தி.நகரை ஒட்டிய மாம்பலம் ஸ்டேஷனுக்குச் சுமார் 50 நிமிடம், மழை பெய்தாலும் தீபாவளிக்கு முந்தைய நாள் ஜி.எஸ்.டி. சாலை ஸ்தம்பித்தாலும் பெரும்பாலும் அதே 50 நிமிடம். சாலையில் அப்படிச் சொல்ல முடியாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு தென் மாவட்ட நெரிசல் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் நகர்ந்திருக்கிறது. தொடர் விடுமுறை நாட்களில் அந்த வழியாக நீங்கள் காரில் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று, 'கூடுவாஞ்சேரி' என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதில்லை. நெல்லிக்குப்பம் சாலையில் நான்கு கி.மீ. உள்ளே இருக்கும் ஃபிளாட்டுக்கு ரயில் வசதி இருக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. ஸ்டேஷனுக்கு நடந்து 20 நிமிடத்துக்குள் போக முடியாத வீடென்றால், அவருடைய பயணத்தில் தினமும் முக்கால் மணிநேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேடவாக்கத்தில் மெட்ரோ வரப்போகிறதே என்று தரகர் சொல்லியிருப்பார். உண்மைதான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; அதில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை 47 கி.மீ. போகும் ஐந்தாவது வழித்தடம் பரங்கிமலை, மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. உங்கள் இருவரின் பாதையும் அதில் அடங்கும். ஆனால் ஓடாத ரயிலுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் பணி 2008-ல் தொடங்கியது. மொத்தமே ஐந்து கி.மீ. தான். ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அந்த ரயிலை நம்பி அந்தப் பக்கம் வாங்கியவர்களின் பிள்ளைகள் அது வருவதற்கு முன்பே கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது, வேலையும் நடக்கிறது. இதற்கு அந்தக் கதி வராது என்று நம்புகிறேன். மெட்ரோ வந்தால் உங்களுக்கு லாபம், அவ்வளவுதான்.

மேடவாக்கத்துக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80% வரைதான் வங்கி தரலாம். 70 லட்சத்தில் உங்கள் கைப்பணம் 14 லட்சம். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%; அது 6.3 லட்சம். கையில் மிஞ்சுவது 1.7 லட்சம். 56 லட்சம் கடனுக்கு இ.எம்.ஐ. 48,600, போக்குவரத்து 4,200. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 40% தொடுகிறது. இ.எம்.ஐ.யையும் போக்குவரத்தையும் சேர்த்து 40%-க்குள் நிறுத்துங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். அவசர நிதியாக இரண்டு லட்சம்கூட இல்லாமல் அந்த விளிம்பில் நிற்பது உங்களுக்கு வேண்டாம். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது என்பதால், வரி மிச்சமாகும் என்று கடனைப் பெரிதாக்கவும் காரணமில்லை.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் பார்க்காத நான்காவது இடத்தைச் சொல்கிறேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து செலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வரையான பகுதி. இங்கே 60 லட்சத்துக்குள் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஃபிளாட் கிடைக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். புதுப் பளபளப்பு இருக்காது, லிஃப்ட் சிறியதாக இருக்கும். ஆனால் தாம்பரத்திலிருந்தே புறப்படும் மின்சார ரயில்கள் நிறைய. மனைவிக்குக் காலையில் உட்கார இடம் கிடைக்கும். மாம்பலம் 35 நிமிடத்துக்குள். உங்களுக்கு மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் 20 கி.மீ.க்குள். ஐந்து நாள் ஆபீஸ் வந்தாலும் தாங்கும், நாளை கிண்டியிலோ பரங்கிமலையிலோ வேலை மாறினாலும் தாங்கும். 48 லட்சம் கடனுக்கு 41,650, போக்குவரத்து 6,000, வருமானத்தில் 36%. பதிவெல்லாம் போக நாலரை லட்சம் கையில் இருக்கும்.

அங்கே கிடைக்கவில்லை என்றால், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கூடுவாஞ்சேரி வீடு. அப்படி வாங்கினால், மேடவாக்கத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் இ.எம்.ஐ.யில் மாதம் 6,000 ரூபாயைத் தனியாகப் போட்டு வாருங்கள். நிறுவனம் ஐந்து நாள் கூப்பிடும் நாளில் அது உதவும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீடு பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், சாலை காலியாக இருக்கும். நீங்கள் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை 7.45-க்கு அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு உங்கள் ஆபீஸுக்குப் போங்கள். மனைவியும் அதே நாளில் அங்கிருந்து தி.நகர் போகட்டும். மாலை ஆறு மணிக்கு இருவரும் அங்கிருந்து கிளம்பி அதே வாசலுக்குத் திரும்புங்கள். முடிந்தால் நவம்பர் மழையில் இன்னொரு முறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் பக்கமும் வாங்கலாமா என்று ஆசை வந்தால், 2015-ல் அங்கே தண்ணீர் எந்த மாடி வரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அந்த ஒரு நாளில் இருவருக்கும் ஆன நிமிடங்களை எழுதி, நான் மேலே போட்ட நிமிடங்களுக்குப் பதிலாக வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். மனைவிக்கு ஒரு பக்கம் 75 நிமிடத்தைத் தாண்டினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.